என் மகளை என்னிடம் ஒப்படைத்த விதம்

1

நேற்றோடு ஒரு வருஷம் ஆயிற்று. அதே மாதிரிப் பனி, அதே மதியம். கவுன்டரில் தொலைபேசி அடித்ததும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். கூட வேலை செய்கிற டோனா அதைப் பார்த்துவிட்டு அவளே எடுத்தாள்.

கேரள எல்லையில் எங்கள் ஊரான பாறசாலைப் பக்கத்து நண்பர்கள், தாங்கள் போடுகிற ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டார்கள். அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி எழுது, வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று இரண்டாவது கடிதத்தில் அடிக்கோடு வேறு. ஊக்கம் தருகிற விஷயம் எதுவும் என்னிடம் இப்போது இல்லை. என் சொந்த மகளை நான் வேலை செய்கிற விமான நிலையத்தில் நானே பெற்றுக்கொள்ள முடியாமல் நின்ற நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. புரிந்த பிறகும் நம்பச் சிரமமாக இருக்கும்.

நான் சின்னக் கம்பெனியின் ஆள். ஆனால் பார்க்கிறவர்கள் பெரிய கம்பெனியின் ஆள் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும். எங்கள் முப்பது சீட்டு விமானத்தின் வாலில் பெரிய கம்பெனியின் சின்னம் இருக்கிறது. டிக்கெட்டில் அவர்கள் பெயர். என் கோட்டு, டை, சட்டைப்பை, பனிக்குல்லாய் எல்லாவற்றிலும் அவர்கள் முத்திரை. சம்பளச் சீட்டில் மட்டும் சின்னக் கம்பெனி.

தொலைபேசியை எடுத்தால் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்க வேண்டும். மறுமுனையில் ஒருவர் பெட்டி வரவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்தால், அந்த விமானத்தை ஓட்டுவது வேறொரு நிறுவனம் என்று பணிவாகச் சொல்ல வேண்டும். அந்த வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் கேட்டு அவர் அழைத்தால், பக்கத்து மேஜையில் இருக்கிற இன்னொரு தொலைபேசி அடிக்கும். அதையும் நான்தான் எடுப்பேன். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். அது விதியில் இல்லை, என் வெட்கம்.

விமானம் எப்போது கிளம்ப வேண்டும், ஓடி வருகிற பயணிக்காக இரண்டு நிமிஷம் நிற்கலாமா, தாமதமானால் எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லாம் அவர்கள் முடிவு. தாமதம் மட்டும் எங்களுடையது. இவை எல்லாம் எழுதிய தடித்த நீலப் புத்தகம் ஒன்று கவுன்டருக்குக் கீழே இருக்கிறது. சின்னக் கம்பெனிக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் புத்தகம் உண்டு. அதில் பாதிப் பக்கங்களில் 'நீலப் புத்தகத்தைப் பார்க்கவும்' என்று இருக்கும். நீலப் புத்தகத்தைப் பார்த்தால் 'இது ஓட்டுகிற நிறுவனத்தின் பொறுப்பு' என்று இருக்கும். டோனா ஒரு மிட்டாய்க் கிண்ணம் வைத்திருந்தாள். பெரிய கம்பெனியிலிருந்து பயணி மாதிரி வந்த ஒரு மேற்பார்வையாளர் கிண்ணத்தின் நிறம் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டு மிட்டாயை எடுத்துத் தின்ற பிறகுதான் எழுதினார் என்று டோனா இன்றைக்கும் சொல்வாள்.

நெய்யாற்றின்கரையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பத்து வருஷம் சரித்திரம் நடத்தியவன் நான். என் மனைவி லில்லிக்கு நர்ஸ் வேலை கிடைத்து இங்கே வந்தபோது கூடவே வந்தேன். ராஜாக்கள், அவர்களுக்குக் கப்பம் கட்டிய சிற்றரசர்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் இந்த வேலைக்கான பயிற்சி என்று அப்போது தெரியாது.

2

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் புறப்படும் முன் ஊருக்குப் போன் செய்வேன். அங்கே மாலை ஆகியிருக்கும். அண்ணன் ஞானதாஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டர், பாறசாலை டிப்போ. எங்கள் வீடு இஞ்சிவிளையில். பக்கத்து மருந்துக் கடைக்காரர் வீட்டுப் போனில்தான் பேசுவான், அதனால் அவன் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவனுக்கு நான் விளக்கிச் சொன்ன ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது.

"எலே, பிளேனு ஆருக்கது?"

"சின்னக் கம்பெனிக்கது அண்ணே."

"டிக்கெட்டு கிழிக்கது?"

"பெரிய கம்பெனிக்க பேருல."

"டைம் போடது ஆரு?"

"பெரிய கம்பெனி."

"லேட்டானா ஏச்சு கேக்கது?"

"நாங்க."

மருந்துக் கடைக்காரருக்கு அவன் இதை எல்லாம் எடுத்துச் சொல்வது கேட்டது.

"அப்பம் நீ ஆருக்க ஆளு மக்கா?"

என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"இஞ்ச எங்களுக்கு யூனியன் உண்டு. ஒண்ணு சரியில்லேன்னா கொடியப் பிடிச்சு ரோட்டுல இருப்போம். நீ கொடி பிடிக்கணும்னா கூட, அதுக்க நெறம் என்னான்னு அவனுவகிட்ட கேக்கணும் இல்லியா?"

மருந்துக் கடைக்காரர் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

யாருடைய ஆள் என்ற கேள்வி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்துக்குப் போனால் பாண்டி என்பார்கள், நாகர்கோவிலுக்குப் போனால் மலையாளத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நிற்போம். அதில் ஒரு சௌகரியமும் உண்டு. கேரளத்தில் ஹர்த்தால் என்று கடையடைப்பு நடக்கிற அன்று பாறசாலையில் ஒரு கடை திறக்காது. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குள் கால் வைத்தால் அங்கே பரோட்டா வீசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் கடைகளை அடைக்கச் சொல்லிக் கோஷம் போட்ட தோழர்கள், பத்து மணிக்குக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சாயா குடிப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாயா குடித்துவிட்டுத் திரும்ப வந்து, விட்ட இடத்திலிருந்து கோஷம் போடுவார்கள். இதில் எந்தத் தவறும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தாண்டினால் வேறு ஆள், திரும்பினால் பழைய ஆள். அவ்வளவுதான்.

3

போன வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் மகள் ஆஷா தன் சித்தி மெர்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மெர்சி லில்லியின் தங்கை. விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவில், பெரிய கம்பெனியின் தலைமை விமான நிலையம் இருக்கிற நகரத்தில் இருக்கிறாள். போகும்போது லில்லி கூடப் போனாள். திரும்பி வரும்போது ஆஷா முதல் தடவையாகத் தனியாக வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொன்று.

பன்னிரண்டு முடியாத பிள்ளை தனியாக வந்தால் ஒரு படிவம் உண்டு. பிள்ளையின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு அதற்குள் வைப்பார்கள். ஏற்றிவிடுபவர் பெயர், பெறுபவர் பெயர். நடுவில் கைமாறுகிற ஒவ்வொரு ஊழியரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெறுபவர் பெயருக்கு நேரே மெர்சி, லில்லியின் பெயரை மட்டும் எழுதினாள். அப்படி எழுதச் சொன்னவள் லில்லிதான். "ஒனக்க அத்தான் அங்க ஜோலியில நிப்பாரு. அவருக்க பேரப் போட்டா வல்ல கொழப்பமும் வரும்" என்று சொன்னாளாம். ஆஷாவிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறாள். "அங்க அப்பான்னு கூப்பிடாண்டாம் மக்கா. யூனிபாரத்துல நிக்கும்போ சார்னு கூப்பிடு. அப்பாக்கு மரியாதையா இருக்கும்."

விமானம் இரண்டு பத்துக்கு வந்தது. பனி கனத்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. இரண்டு ஐம்பதுக்கு அதே விமானம் திரும்பப் போக வேண்டும், அன்றைக்குக் கடைசி விமானம் அதுதான்.

ஆஷா கடைசியாக இறங்கினாள். விமானப் பணிப்பெண் படிவத்தை என்னிடம் நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அதாவது, கம்பெனியின் சார்பில் என் மகளைப் பெற்றுக்கொண்டேன்.

"எப்பிடி இருக்கா மக்கா?"

"நலம், சார்" என்றாள் ஆங்கிலத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மதியம் நான் சிரித்தது அது ஒரு தடவைதான். உள்ளே போனதும் லில்லியின் போன்.

"ரோட்ட அடைச்சாச்சு. போலீசுகாரன் எனக்க காரத் திருப்பி விட்டான். நான் திரிச்சு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டேன். பிள்ள வந்தாளா?"

"வந்தா. எனக்க முன்னால இருக்கா."

"பின்ன என்ன? ஜோலி முடிஞ்சு வரும்போ கூட்டிட்டு வாங்க."

"ஒக்காது, முடியாது. பெறுகவருக்க பேரு ஒனக்கதாக்கும்."

"நீங்க அவளுக்க அப்பா இல்லியா?"

"ஆறு மணி வரைக்கும் நான் கம்பெனியாக்கும்."

"என்னத்தப் பறையிதிய? ஒங்களுக்குப் பனி தலைக்குள்ள போயாச்சா?"

நானும் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன், இது இரண்டு நிமிஷத்தில் தீர்கிற விஷயம் என்று நினைத்து. ஆனால் டோனாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அறுபது வயது, மூன்று சின்னக் கம்பெனிகளைப் பார்த்தவள். நீலப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள். படிவத்தில் பெயர் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. பணியில் இருக்கிற ஊழியர் பெறுபவராக இருக்கவே கூடாது. பெறுபவர் வராவிட்டால், வந்த ஊருக்குப் போகிற முதல் விமானத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எங்கோ ஒரு விமான நிலையத்தில், அப்பாதானே என்று ஓர் ஊழியர் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பிள்ளையைக் கோர்ட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தது. அப்பா பிள்ளையோடு போனவர், கண்டுபிடிக்கப் பல வாரம் ஆயிற்றாம். அதற்குப் பிறகு வந்த விதி இது என்றாள் டோனா. அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நியாயம் இருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. முட்டாள்தனமாக இருந்திருந்தால் மீறியிருப்பேன்.

"தெரியாமல் கொடுத்துவிடலாமே" என்றேன்.

டோனா கண்ணால் ஜன்னலோரம் காட்டினாள். பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் சின்னப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளை இதற்கு முன்னால் இங்கே பார்த்திருக்கிறாயா?" என்று முணுமுணுத்தாள்.

சின்னக் கம்பெனியின் தலைமையிடத்துக்குப் போன் செய்தாள். அவர்கள் பெரிய கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். பெரிய கம்பெனியின் மேஜையில் ஒரு பெண், மிகவும் இனிமையான குரல், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிள்ளையின் தகப்பனாரோடு பேச வேண்டும் என்றாள். டோனா போனை என்னிடம் கொடுத்தாள்.

போன் காதுக்கு வந்ததும் ஐந்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி, மதிய வணக்கம் சொல்லி, உங்களுக்கு எப்படி உதவலாம் என்றேன்.

"நான் பிள்ளையின் தகப்பனாரைக் கேட்டேன்."

"நான்தான்."

"அப்படியானால் ஏன் எங்கள் பெயரைச் சொல்கிறீர்கள்?"

"நீங்கள்தான் சொல்லச் சொன்னீர்கள்."

"நான் உங்களை இதற்கு முன்னால் அறிந்ததில்லையே, ஐயா."

அவள் மேல் குற்றமில்லை. புத்தகத்தில் இருக்கிற ஒரு வழியை எனக்காகத் தேடி எடுத்துச் சொன்னாள். பிள்ளையை ஏற்றிவிட்டவர் போன் செய்து பெறுபவர் பெயரை மாற்றச் சொல்லலாம். அங்குள்ள கவுன்டரிலிருந்து எங்கள் அச்சு இயந்திரத்துக்குச் செய்தி வரும். ஆனால் புதிதாகப் பெறுபவர் அப்போது பணியில் இருக்கக் கூடாது. இரண்டும் நடக்காவிட்டால் பிள்ளை இரண்டு ஐம்பதுக்குத் திரும்ப வேண்டும்.

மெர்சி வீட்டுக்குப் போன் செய்தேன். பதில் சொல்லும் இயந்திரம்தான் பேசியது. அவள் விமான நிலையத்திலிருந்து காரில் போய்க்கொண்டிருக்கிறாள். "மெர்சி, வீட்டுக்குள்ள கேறினதும் கூப்பிடு, உடனே கூப்பிடு, ஷூவக் கூடக் கழத்தாண்டாம்" என்று இயந்திரத்திடம் கத்தினேன். பழுப்புக் கோட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ குறித்தார்.

ஆஷா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் பையோடு. அவளுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால், அப்பா என்று கூப்பிட்டிருந்தால், எனக்கு ஒரு தைரியம் வந்திருக்கும். அவள் இந்த நாட்டுப் பிள்ளை. விதியென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவள்.

"நான் திரும்பப் போக வேண்டுமா, சார்?"

"இல்ல மக்கா."

"சித்தி வீட்டுக்குப் போயிருப்பாளே. அங்கே யார் கையெழுத்துப் போடுவார்கள்?"

நான் யோசிக்காத கேள்வி அது. டோனா அவளுக்கு ஒரு போர்டிங் அட்டை எழுத ஆரம்பித்தாள். பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள்.

4

இரண்டு முப்பத்தெட்டுக்கு மெர்சி கூப்பிட்டாள்.

"என்ன அத்தான்? என்னவாக்கும்? பிளேனுக்கு என்னமாம் ஆயாச்சா?"

சொன்னேன். அவள் இரண்டு நிமிஷம் என்னைத் திட்டினாள், ஒரு நிமிஷம் லில்லியைத் திட்டினாள், பிறகு பெரிய கம்பெனியைக் கூப்பிடப் போனாள். இரண்டு நாற்பத்து நாலுக்கு அச்சு இயந்திரம் கடகடவென்று அடித்தது. பெறுபவர் பெயர் மாற்றப்பட்டது. என் பெயர். கீழே ஒரு வரி: பணியில் இல்லாதபோது மட்டும்.

பயணிகள் விமானத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பணிப்பெண் படிக்கட்டில் நின்று பிள்ளையை அனுப்பு என்று கை காட்டினாள்.

"உன் வேலை ஆறு மணிக்குத்தானே முடிகிறது" என்றாள் டோனா.

என்ன தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்த்தால், ஒன்றும் தோன்றவில்லை. கால்களுக்குத்தான் தோன்றியது. எங்கள் பக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். இந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் போ.

நேரம் பதிகிற இயந்திரத்தில் என் அட்டையைக் குத்தினேன். பணி முடிந்தது. கோட்டைக் கழற்றினேன், டையைக் கழற்றினேன், குல்லாய். சட்டைப்பையில் முத்திரை இருந்தது, சட்டையையும் கழற்றினேன். குளிருக்குப் போடுகிற உள்பனியனோடு ஊழியர் வாசல் வழியாக வெளியே வந்தேன். அந்த வாசல் வழியாகத் திரும்ப நுழைய எனக்கு இப்போது உரிமையில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பனிக்குள் ஓடினேன். கார் நிற்குமிடம் வழியில் இருந்தது. என் காருக்குள் லில்லியின் கம்பளிச் சட்டை கிடந்தது, ரோஸ் நிறம், முன்பக்கம் பெரிய பூக்கள். அதை மாட்டிக்கொண்டு பொதுவாசல் வழியாக உள்ளே வந்து, கவுன்டருக்கு முன்னால், பயணிகள் நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டில் நின்றேன்.

டோனா என்னைப் பார்த்தாள். பழுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி, எனக்கு மதிய வணக்கம் சொன்னாள்.

"உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"என் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன்" என்றேன். பற்கள் அடித்துக்கொண்டன.

"அடையாள அட்டை?"

கால்சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அதில் இருக்கிற படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது கவுன்டர் போன் அடித்தது. பெரிய கம்பெனி. விமானம் ஏன் கிளம்பவில்லை?

"தளத்து ஊழியர் பணி முடிந்து போய்விட்டார்" என்றாள் டோனா. தளத்தில் நின்று விமானத்தை அனுப்பி வைப்பதும் நான்தான்.

அவர்கள் கத்தியது எனக்கே கேட்டது.

"பணியில் இல்லாத ஒருவரை அழைக்க வேண்டுமா? சரி, அழைக்கிறேன்." போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவசர வேலைக்கு வர முடியுமா?"

"வருகிறேன். முதலில் என் மகளைக் கொடு."

டோனா போனில் சொன்னாள்: "ஆள் கிடைத்துவிட்டார். குடும்ப விஷயமாக இரண்டு நிமிஷம் கேட்கிறார்."

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. டோனா ஆஷாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இந்த நபரை உனக்குத் தெரியுமா?"

ஆஷா என்னைப் பார்த்தாள். தலையில் பனி, உடம்பில் பூக்கள். நான் எத்தனையோ பரீட்சை முடிவுகளுக்குக் காத்திருந்தவன். இந்த மாதிரிக் காத்திருந்ததில்லை. தெரியாது என்று சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'சார்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் டோனாவால் ஒன்றும் செய்ய முடியாது.

"இவர் இப்போது வேலையில் இருக்கிறாரா?" என்று ஆஷா டோனாவைக் கேட்டாள்.

"இல்லை, கண்ணு."

"அப்படியானால் இவர் என் அப்பா" என்றாள். என்னைப் பார்த்துத் தமிழில், "அப்பா, அது அம்மாக்க சுவெட்டராக்கும்" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடிக்க முடியாத அளவு குளிரில் விறைத்திருந்த என் விரல்களை டோனா மடக்கிக் கொடுத்தாள். பிறகு அட்டையைக் குத்தி, சட்டையும் கோட்டும் மாட்டிக்கொண்டு தளத்துக்கு ஓடினேன். விமானம் மூன்று ஒன்றுக்குக் கிளம்பியது. பதினொரு நிமிஷத் தாமதம்.

பழுப்புக் கோட்டுக்காரர், தன்னைக் காரில் கூட்டிப்போக வருகிற அண்ணனுக்காகக் காத்திருந்தவர். குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த விமானத்தால் அன்று மெர்சி இருக்கிற நகரத்தில் இறங்க முடியவில்லை. பனிக்குமேல் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, வேறு ஏதோ ஓர் ஊரில் இறக்கினார்கள். எல்லோரும் பத்திரம். இரண்டு நாள் அங்கே தரையில் படுத்திருந்தார்களாம். எனக்கு அந்த ஊர் கனவில் வருகிறது. கழுத்தில் பையோடு அவள் நேராக உட்கார்ந்திருக்கிறாள், யாரோ முறைப்படி கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

5

பதினொரு நிமிஷம் யாருடைய குற்றம் என்று பெரிய கம்பெனி கேட்டது. டோனா 'வானிலை' என்று எழுதினாள். வானிலை இரண்டு ஐம்பதுக்கு நன்றாகத்தான் இருந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். 'பெரிய கம்பெனியின் விதி' என்று எழுதலாமா என்று கேட்டோம். அப்படி ஒரு பகுதி படிவத்தில் இல்லை. கடைசியில் 'ஓட்டுகிற நிறுவனம்' என்ற கட்டத்தில் குறியிட்டார்கள்.

அதனால்தானா என்று தெரியாது, ஏப்ரலில் எங்கள் ஊர் வழித்தடத்தைப் பெரிய கம்பெனி வேறொரு சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. திங்கட்கிழமை அதே மேஜையில், அதே உடுப்பில், புதிதாக வேலைக்கு மனுப் போட்டோம். புதிய கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது, ஆனால் என் படிப்புச் சான்றிதழைக் கேட்டது. பள்ளிச் சான்றிதழில் என் பெயர் பி. சத்தியதாஸ். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுக்க விரிந்து பின்னால் வந்திருக்கிறது. இரண்டும் ஒருவர்தான் என்று உங்கள் ஊர் அதிகாரி எழுதித் தரட்டும் என்றார்கள்.

ஜூலையில், ஊழியர்களுக்குத் தருகிற இலவசப் பாஸில் இடம் மிஞ்சிய விமானங்களாகப் பார்த்துத் தொற்றிக்கொண்டு, ஆஷாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழுக்காகத்தான் வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் வில்லேஜ் ஆபீஸ். அங்கே பார்த்துவிட்டு, வெளிநாட்டுக் காரியம் ஆனதால் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தான், சாட்சிக்கு மருந்துக் கடைக்காரரையும் கூட்டி வந்தான். வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றோம். அங்கேதான் அவனுக்கு முழுக் கதையையும் சொன்னேன், பூப்போட்ட சட்டை வரைக்கும். அவன் ஒரு கட்டத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கேட்டீரா?" என்று மருந்துக் கடைக்காரரிடம் சொன்னான். "அங்க இவன், நான் ரெண்டு ஆளாக்கும்னு காட்டதுக்கு உடுப்பக் கழத்திப் போட்டு பனியில ஓடியிருக்கான். இஞ்ச, நான் ஒரே ஆளாக்கும்னு எழுதி வாங்க வந்து நிக்கான்."

"ரெண்டும் சத்தியமாக்கும் அண்ணே."

"சத்தியம் கெடக்கட்டு. உள்ள போயி வல்ல சட்டையும் கழத்திப் போடாத. இஞ்ச அது வேற கேசு."

உள்ளே அதிகாரி என் இரண்டு பெயர்களையும் வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே சாட்சிகளைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார். "ரண்டும் ஒராள் தன்னெயாணோ?"

"ஆணு சாரே" என்று ஆமோதித்தான் அண்ணன், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஆஷா என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு என்ன கேட்டார்கள் என்று புரிந்ததோ இல்லையோ, என் கையைப் பிடித்தாள். அதிகாரி முத்திரையை மையில் அழுத்தி எடுத்துக் குத்தினார். கேரள அரசின் தாளில், நான் ஒரே ஆள் என்று இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று லில்லி கேலி செய்கிறாள். மாட்ட முடியாது, அசல் தாளைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது.

6

இந்த வருஷமும் ஆஷா மெர்சி வீட்டுக்குப் போனாள். நேற்றுத் திரும்பினாள். ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பெறுபவர் இடத்தில் யார் பெயரை எழுத வேண்டும், நான் லீவு போட வேண்டுமா, பனி வந்தால் லில்லி முந்தின நாளே விமான நிலையத்துக்கு வந்துவிட வேண்டுமா என்று ஒரு தாளில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். டோனாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "அவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டதே" என்றாள்.

பன்னிரண்டு முடிந்தால் படிவம் இல்லை, கழுத்தில் பை இல்லை. யாரும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். மற்றவர்களைப் போல இறங்கி, மற்றவர்களைப் போல வெளியே போகலாம். நான் அக்டோபரில் அவளுக்குக் கேக் வெட்டியிருக்கிறேன். ஆனால் இதை யோசிக்கவில்லை.

விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. நான் தளத்தில் நின்று இரண்டு ஆரஞ்சுக் கோல்களால் வழிகாட்டிக் கூட்டி வந்தேன். மூக்குச் சக்கரம் கோட்டைத் தொட்டதும் கோல்களைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தேன். நில் என்று அர்த்தம். விசிறிகள் முழுக்க அடங்கும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். கையை இப்படி அப்படி அசைத்தால் விமானி அதை வேறு உத்தரவாக எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது ஜன்னலில் ஆஷாவின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். கை காட்டினாள்.

என் கைகள் மேலே நின்றன. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இன்னும் வேகமாகக் கை காட்டினாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். நான் தலையை ஆட்டினேன். குல்லாய்க்குள் அது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. விசிறிகள் மெதுவாகி, ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்து, நின்றன. கோல்களை இறக்கிக் கையைத் தூக்கினேன். ஜன்னலில் அவள் முதுகுதான் இருந்தது. எழுந்து மேலே இருந்த பையை எட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கதவு திறந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாக இறங்கி, பனியில் வழுக்காமல் பார்த்துக் கால் வைத்து, யாரும் எங்கும் கையெழுத்துப் போடாமல் உள்ளே போனாள். நான் பெட்டிகளை இறக்கப் பின்பக்கம் போனேன்.